தாத்தா சொன்னது ஆறு, மனுவில் போனது நான்கு

ஒரு செம்பனைத் தோட்டம் எந்த நாளில் வீடமைப்புப் பகுதியாக மாறுகிறது? மரங்களைச் சாய்க்கும் நாளில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, சில வேளைகளில் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு வரைபடத்தில் அந்த நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. விவசாயத்துக்கு ஒரு நிறம், குடியிருப்புக்கு ஒரு நிறம். நிறம் மாறிய வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதை ஏற்காதவர்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குச் சட்டம் தரும் கால அவகாசம் குறைந்தது நான்கு வாரங்கள்.

பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆறாம் ஆண்டோடு தோட்டப் பள்ளியை விட்ட என் தாத்தா ஓர் ஆட்சேப மனு எழுத வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோதுதான் தேடிப் படித்தேன்.

தாத்தாவுக்கு 76 வயது. சிலாங்கூரின் கடலோர மாவட்டம் ஒன்றில் இருக்கிறார். இளம் வயதில் பால்மரம் சீவினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் குலை அறுத்தார். வேலை ஓய்வின்போது கிடைத்த ஊழியர் சேமநிதிப் பணத்தில், தோட்டத்து எல்லையை ஒட்டிய சிற்றூரில் அரை ஏக்கர் நிலம் வாங்கினார். கிராண்ட் அவர் பெயரில் இருக்கிறது. ஒரு பலகை வீடு, நான்கு மாடுகள், முருங்கை, வாழை, பின்னால் ஒரு கால்வாய். கால்வாய்க்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. அந்தச் செம்பனை நிலத்தில் 100 ஹெக்டருக்கும் கூடுதலான பரப்பைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றும் வரைவுத் திட்டம்தான் பார்வைக்கு வந்திருந்தது. சமூக மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் மலாய் மொழியில் ஒட்டியிருந்த தாளைப் பக்கத்து வீட்டுப் பையன் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான். தாத்தா அதை எனக்கு அனுப்பினார். நான்கு வாரங்களில் ஒரு வாரம் அதற்குள் போய்விட்டது.

தோட்டங்கள் நகரங்களாவது நமக்குப் புதிதல்ல. புத்ராஜெயா இன்று நிற்கும் இடத்தில் பெராங் பெசார் தோட்டம் இருந்தது. சுபாங் ஜெயாவுக்கும் யுஎஸ்ஜேவுக்கும் அடியில் சீபீல்ட் தோட்டம். செத்தியா ஆலம் ஒரு காலத்தில் நார்த் ஹம்மோக் தோட்டம். எல்மினா என்ற பெயர் இன்று வீட்டு விளம்பரங்களில் வருகிறது. அதுவும் தோட்டத்தின் பெயர்தான். அங்கெல்லாம் நம்மவர்கள் இரண்டு மூன்று தலைமுறையாக லயங்களில் வாழ்ந்தார்கள், ஆனால் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. பெராங் பெசார் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். 2009-இல் பினாங்கு கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது, மாடு வளர்த்துப் பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களை நீதிமன்றமும் காப்பாற்றவில்லை; கையில் நில உரிமை இல்லை. தாத்தா இந்தக் கதைகளை எல்லாம் அறிந்தவர். "அப்ப நாம குடியிருந்தவன். இப்ப நான் நிலத்துக்காரன். கேக்கிறாங்களா இல்லையான்னு பார்ப்போம்" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் நில மேம்பாட்டைக் கட்டுப்படுத்துவது 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். எண் 172 என்பதால் அதிகாரிகள் 'அக்தா 172' என்றே சொல்கிறார்கள். கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் உண்டு. இந்த 172-இல் ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு வாசல்கள் இருக்கின்றன. இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வாசல், உள்ளூர்த் திட்டம் வரைவாக இருக்கும் காலம். மலாயில் இதை 'ரஞ்சாங்ஙான் தெம்பாத்தான்' என்பார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் திட்டம் இது. புதிதாகத் தயாரிக்கும்போதும், இடையில் திருத்தும்போதும் வரைவைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும். இந்த வாசலில் யாரும் நுழையலாம். நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவர், அங்கே படிக்கும் மாணவர், பால் வாங்க வருபவர் என எவரும் எழுதலாம்.

இரண்டாம் வாசல், மேம்பாட்டாளர் திட்டமிடல் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் நேரம். சட்டத்தின் 21(6) பிரிவின்படி, அண்டை நில உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அண்டை' என்பதற்குச் சட்டத்தில் அளவு உண்டு: ஒட்டிய நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, கால்வாய் போன்றவற்றால் மட்டும் பிரிக்கப்பட்ட நிலம், அல்லது முட்டுச்சாலை ஒன்றைப் பொதுவில் பயன்படுத்தினால் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். கிராண்ட் இல்லாதவருக்கு இந்தக் கடிதமே வராது. அதைவிட முக்கியமான ஒன்று: உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதிக்குத்தான் இந்தப் பிரிவு பொருந்தும். திட்டம் நடப்பில் இருக்கும் இடத்தில், 'உங்கள் கருத்தைத்தான் வரைவுக் காலத்திலேயே கேட்டுவிட்டோமே' என்பதே சட்டத்தின் நிலை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் மக்கள் எப்போது கோபப்படுகிறார்கள்? விளம்பரப் பலகை நட்ட பிறகு, அல்லது புல்டோசர் வந்த பிறகு. அப்போது பெரும்பாலும் முதல் வாசல் மூடியிருக்கும், இரண்டாவது இருக்கவே இருக்காது. தாத்தா தப்பித்தது, பக்கத்து வீட்டுப் பையன் ஒரு தாளைப் படம் பிடித்ததால்.

தண்ணீர்க் கணக்கு

வார இறுதியில் ஊருக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து தாத்தாவைச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்ன காரணங்கள் ஆறு. தண்ணீர், சாலை, கோயில், மாடு, வெளியாள்கள், அப்புறம் அவருடைய ஆயுசு. முக்கால்வாசி நேரம் தண்ணீரைப் பற்றியே பேசினார்.

எங்கள் பக்கத்து நிலம் தட்டு மாதிரி. கடலுக்கும் அதற்கும் உயர வித்தியாசம் மிகக் குறைவு. கால்வாய்த் தண்ணீர் கடலுக்குப் போகும் இடத்தில் மதகுக் கதவு இருக்கிறது. கடல் ஏறும்போது கதவை மூடுவார்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கதவு மூடியிருக்கும் அந்தச் சில மணி நேரம், மழைத் தண்ணீர் கால்வாயிலேயே நிற்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கடல் மிக அதிகமாக ஏறும். "அமாவாசையும் அடைமழையும் ஒண்ணா வந்தா, கால்வா பின்னாடி போகும்மா" என்றார். எங்கள் விரிவுரையாளர் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது கணக்கு. படிவம் நான்கு மாணவரும் போடலாம். ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். 100 ஹெக்டரில் 10 கோடி லிட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் என்றால், இது 40 குளம். தோட்டத்தில் இந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை மண் குடிக்கும், ஒரு பகுதி மட்டைக் குவியல்களிலும் வரப்புகளிலும் தேங்கி மெதுவாக இறங்கும். கூரை, தார்ச்சாலை, சிமெண்ட் முற்றம் எதுவும் குடிக்காது. விழுந்த வேகத்தில் கால்வாய்க்கு வந்துவிடும்.

"அதுக்குத்தான் குளம் வெட்டுவாங்களே தாத்தா" என்றேன். உண்மைதான். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் எம்எஸ்எம்ஏ கையேடு 2001 முதல் நடைமுறையில் உள்ளது. புதிய வீடமைப்புப் பகுதியிலிருந்து வெளியேறும் நீரின் உச்ச வேகம், மேம்பாட்டுக்கு முன்பிருந்ததைவிடக் கூடக்கூடாது. அதற்காக நீர் தடுப்புக் குளங்கள் வெட்ட வேண்டும். ஆனால் குளம் கட்டுப்படுத்துவது வேகத்தை. மொத்த அளவு கூடத்தான் செய்யும்; நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். சாய்வான நிலத்தில் அது பரவாயில்லை. மதகு மூடியிருக்கும் ஊரில், எவ்வளவு நேரம் ஓடுகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. மனுவில் நான் மிகக் கவனமாக எழுதிய பத்தி இதுதான்.

தாத்தா இன்னொன்றும் சொன்னார். தாழ்ந்த நிலத்தில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் லாரி லாரியாக மண் கொட்டி நிலத்தை உயர்த்துவார்கள். புது வீடுகளுக்கு வெள்ளம் வராது. "அவங்க மேட்டுல ஏறிடுவாங்க. நாம கிண்ணத்துக்குள்ள உட்கார்ந்திருப்போம்."

2021 டிசம்பர் 18-ஆம் தேதி யாருக்கும் மறந்திருக்காது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறிக் காத்திருந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளங்களில் நாடு முழுவதும் ஏற்பட்ட சேதம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அன்று பெய்தது அசாதாரணமான மழை. வீடமைப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் தாழ்நிலத்தில் வீடு கட்டும்போது யாருடைய வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மற்றவை

சாலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ச் சாலையில் எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று புல்லில் இறங்க வேண்டும். மண் லாரிகளுக்கு வேறு வழி வேண்டும் என்று இரண்டு வரி எழுதினேன்.

கோயில் விஷயம் அப்படி இரண்டு வரியில் முடியவில்லை. தோட்டத்து எல்லையில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. தகரக் கூரை, சுற்றிச் சிமெண்டுத் தரை. வருடம் ஒரு முறை திருவிழா. பால்மரக் காலத்திலிருந்தே இருப்பதாகத் தாத்தா சொல்கிறார். அது நிற்பது தோட்ட நிலத்தில். பத்திரம் எதுவும் கிடையாது. வரைவுத் திட்டத்தின் வரைபடத்தில் அந்த இடம் குடியிருப்பின் நிறத்தில் வெறுமையாக இருந்தது. யாரும் வேண்டுமென்றே அழித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. வரைபடம் தயாரித்தவருக்கு அங்கே ஒரு கோயில் இருப்பது தெரியாது, அவ்வளவுதான். இடிக்க வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்னால், இருக்கிறது என்று எழுத வேண்டியிருந்தது. கைப்பேசியில் இடத்தின் அச்சு எண்களைக் குறித்து, நான்கு பக்கமும் படம் எடுத்து இணைத்தோம்.

மாடுகள் மரத்தடியில் மேய்வது தோட்ட நிர்வாகம் கண்டும் காணாமல் விட்ட ஒன்று. உரிமை கிடையாது. அதிகாரிகள் இதைக் கணக்கில் எடுப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனாலும் தாத்தாவின் மாத வருமானத்தில் பால் விற்ற காசுதான் பெரும்பங்கு. அதனால் எழுதினேன்.

ஐந்தாவது காரணத்தில்தான் எங்களுக்குள் தகராறு. "வெளியாளுங்க வந்துடுவாங்க. யாரு எவருன்னு தெரியாது. எழுது" என்றார். எழுத மாட்டேன் என்றேன். "ஏம்மா?"

"அதை எழுதினா மத்த நாலையும் படிக்க மாட்டாங்க தாத்தா. அப்புறம், உங்க அப்பா இந்தத் தோட்டத்துக்கு வந்தப்போ அவரும் வெளியாள்தானே?"

சட்டப்படி பார்த்தாலும் யார் குடிவருவார்கள் என்பது திட்டமிடல் காரணம் ஆகாது. வடிகால், போக்குவரத்து, சுற்றுச்சூழல், பொது வசதிகள், மேல்நிலைத் திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்பவைதான் காரணங்கள். ஆனால் நான் மறுத்தது சட்டத்துக்காக மட்டுமில்லை. தாத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, எடுத்துடு. ஆனா நான் சொன்னேன்" என்றார்.

ஆறாவது காரணம், "என் கண்ணு மூடுற வரைக்கும் இப்படியே இருக்கட்டுமே" என்பது. பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அண்ணனின் பக்கம்

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கிள்ளான் துறைமுகத்தில் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மனு எழுதுவதைக் கேள்விப்பட்டு அன்று மாலையே வந்துவிட்டார்.

"தாத்தாவுக்கு அரை ஏக்கர் இருக்கு, அவர் வேணாம்னு சொல்லலாம். நான் எங்கே போறது? கிள்ளான்ல என் சம்பளத்துக்கு வீடு கிடையாது. இங்கே ஆயிரக்கணக்கில கட்டினா அதுல மலிவுவிலை வீடும் வரும். தமிழ்ப்பள்ளியில பிள்ளைங்க குறைஞ்சுகிட்டே போகுது, வீடு வந்தா பிள்ளைங்களும் வரும்."

இந்தப் பள்ளிக் கணக்கைச் சும்மா தள்ளிவிட முடியாது. 150 பேருக்கு மேற்படாத பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டங்கள் காலியானபின் அந்த வகைக்குள் விழுந்த தமிழ்ப்பள்ளிகள் ஏராளம். நான் படித்த பள்ளியும் அதில் ஒன்று. எங்கள் வகுப்பில் ஒன்பது பேர்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வீடுகளைக் கட்டினால் போதுமா, வேண்டியவருக்கு அது கிடைக்குமா? கட்டி முடித்து, தகுதிச் சான்றிதழும் பெற்று, ஒன்பது மாதங்களுக்கு மேல் விற்காமல் கிடக்கும் வீடுகளைத் தேசியச் சொத்துத் தகவல் மையம் கணக்கெடுக்கிறது. 2023 இறுதியில் அப்படி 25,816 வீடுகள் இருந்தன. மதிப்பு 1,768 கோடி வெள்ளி. ஒரு பக்கம் வாங்க ஆளில்லாத வீடுகள், இன்னொரு பக்கம் வீடில்லாத அண்ணன். விலையும் இடமும் பொருந்தாததுதான் சிக்கல். குடும்பத்தின் மூன்று ஆண்டு வருமானத்துக்குள் அடங்கும் வீடே கட்டுப்படியாகும் வீடு என்று கசானா ஆய்வுக் கழகம் ஓர் அளவுகோலைப் பயன்படுத்துகிறது. அண்ணன் தன் வருமானத்தைப் பெருக்கிப் பார்த்தார். சிரித்தார்.

அன்றிரவு மூன்று பேரும் பேசியதில் மனுவின் கடைசிப் பகுதி மாறியது. வீடே கட்டக்கூடாது என்று நாங்கள் எழுதவில்லை. கால்வாயை ஒட்டிய பகுதியை வீடமைப்பிலிருந்து விலக்கித் தண்ணீர் தேங்கும் இடமாக விட வேண்டும். கால்வாயையும் மதகையும் மேம்படுத்தியபிறகே மண் கொட்ட அனுமதிக்க வேண்டும். கோயில் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். மலிவுவிலை வீடுகளைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளாமல் முதல் கட்டத்திலேயே கட்ட வேண்டும். கடைசி வரி அண்ணனுடையது. தாத்தா அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

என் கருத்தைக் கேட்டால், தாத்தாவின் பக்கம்தான் நான் சாய்கிறேன். வீடு வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் சதுப்பான தாழ்நிலத்தில், இருக்கும் கால்வாயை நம்பி, இவ்வளவு பெரிய அளவில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டமே இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 100 ஹெக்டருக்கு மேற்பட்ட அல்லது 10,000 பேருக்கு மேல் குடியேறக்கூடிய புதிய நகரியம் என்றால், மாநிலத் திட்டமிடல் குழு தேசியத் திட்டமிடல் மன்றத்தின் ஆலோசனையைக் கேட்க வேண்டும்.

மனு போட்டால் நடக்குமா?

ஊரில் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அது காடு, வேறு சட்டம். சிலாங்கூரில் வனக்காப்பகத் தகுதியை நீக்குமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2011-இல் விதி கொண்டுவந்தார்கள். 2020 பிப்ரவரியில் 930 ஹெக்டருக்கும் மேற்பட்ட காட்டைக் கலப்பு மேம்பாட்டுக்காக நீக்கும் அறிவிப்பு வந்தது. அங்கே வாழும் தெமுவான் ஓராங் அஸ்லி மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் மாணவர்களும் ஆட்சேபங்களைக் குவித்தார்கள். அப்படியும் 2021-இல் அதில் பெரும்பகுதியின் தகுதி நீக்கப்பட்டது வெளியே தெரிந்தது. மறுபடியும் எதிர்ப்பு. அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. ஆக, மனு போட்டதாலேயே நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மனுக்கள் இல்லாமல் இரண்டாவது எதிர்ப்புக்கு அடிப்படை இருந்திருக்காது.

எங்கள் ஊரில் பதினொரு வீடுகள் எழுதின. அதில் நான்கு குடும்பங்களுக்குக் கிராண்ட் இல்லை, பழைய லயத்து வீடுகளில் இருப்பவர்கள். 'எங்களுக்கு என்ன உரிமை' என்று தயங்கினார்கள். வரைவுக் காலத்தில் யாரும் எழுதலாம் என்று சட்டத்தைக் காட்டியபிறகு வந்தார்கள். ஒரே மனுவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்காமல், வீட்டுக்கு வீடு தனித்தனியாக எழுதினோம். ஒருவருக்குப் பின்வாசலில் கால்வாய், இன்னொருவருக்கு முன்வாசலில் சாலை; பிரச்சினை ஒன்றாக இல்லை. பழைய வெள்ளப் படங்களைத் தேதியோடு சேர்த்தோம். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கினோம். நேரில் விளக்கம் தர விரும்புகிறோம் என்றும் எழுதினோம். இவற்றை இங்கே சொல்வது, உங்களில் யாருடைய பாட்டிக்கோ மாமாவுக்கோ இது நாளை தேவைப்படலாம் என்பதால்.

எல்லாவற்றையும் மலாயில் எழுத வேண்டியிருந்தது. ஆட்சேபத்துக்கு மலாயில் 'பந்தாஹான்'. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், தேசிய இடைநிலைப் பள்ளியில் ஐந்து வருடம் படித்த நம் தலைமுறைக்கு இது கடினமில்லை. தாத்தா தமிழில் சொல்ல, நான் மலாயில் எழுதி, அதைத் திரும்பத் தமிழில் படித்துக் காட்டுவேன். அவர் இரண்டு இடத்தில் "நான் இப்படிச் சொல்லலையே" என்று நிறுத்தினார். ஒன்று, 'அஞ்சுகிறேன்' என்ற சொல். "பயம் கிடையாது. தெரியும்னு எழுது."

விசாரணைக்கு எங்களை அழைத்தார்கள். நான் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வதுபோல் மூன்று பக்கம் எழுதிப் போயிருந்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் தாத்தா குறுக்கிட்டு, தோட்டத்தில் பழகிய மலாயில் பேச ஆரம்பித்தார். இலக்கணம் ஒரு பக்கம், சொற்கள் ஒரு பக்கம். சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிமெண்டுக் குழாய் எத்தனை அடி அகலம், எந்த ஆண்டு எந்த வீட்டுப் படிக்கட்டு வரை தண்ணீர் வந்தது, மதகை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னார். குழுவில் இருந்த ஓர் அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் குழாயைப் பற்றி. என் மீதி இரண்டு பக்கத்துக்குத் தேவை ஏற்படவில்லை. இரண்டு வாரம் கழித்து இருவர் வந்து குழாயை அளந்துவிட்டுப் போனதாகத் தாத்தா தொலைபேசியில் சொன்னார். குரலில் அப்படியொரு திருப்தி.

முடிவு இன்னும் வரவில்லை. திருத்தம் அப்படியே ஏற்கப்படலாம், மாற்றங்களோடு ஏற்கப்படலாம், கைவிடவும்படலாம். ஏற்கப்பட்டால், அடுத்து மேம்பாட்டாளரின் அனுமதி விண்ணப்பம் வரும். அப்போது உள்ளூர்த் திட்டம் இருப்பதால் அண்டை நிலத்தாருக்கு 21 நாள் கடிதம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. தாத்தா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். இனி நாங்கள் செய்யக்கூடியது, விதிக்கப்படும் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிப் படிப்பதும், லாரி வரும் நாளில் அவற்றை அதிகாரிகளுக்கு நினைவுபடுத்துவதும்தான்.

அண்ணன் மாநில மலிவுவிலை வீட்டுத் திட்டத்தில் பெயர் பதிந்துவிட்டார். எங்கள் மாவட்டத்தையே முதல் தேர்வாகப் போட்டிருக்கிறார். தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. தாத்தா இந்த நாளிதழை ஒரு பக்கம் விடாமல் வாசிப்பவர். "நீயே எழுதிடு" என்று சொன்னவர் அண்ணன்தான்.